நீளும் பட்டியலை என்ன செய்வது?

புத்தகம் படிக்கிற எவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். டைரியின் கடைசிப் பக்கம், செல்பேசிக் குறிப்பு, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட அட்டைப்படங்கள், இணையக் கடையில் சேர்த்துவைத்த பெயர்கள் என்று அது நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். ஒரு நூலைப் படித்து முடித்து அடிப்பதற்குள், அதன் முன்னுரையிலிருந்தே மூன்று புதிய பெயர்கள் வந்து சேர்ந்திருக்கும். பட்டியல் குறையாது. குறைய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அடுத்து எதை எடுப்பது, எதை வாங்குவது, எதை நூலகத்தில் பார்த்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று கேட்டால் அது பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான பட்டியல்கள் சொல்வதில்லை. பெயரை எழுதுகிற நாம், அதை ஏன் எழுதினோம் என்பதை எழுதாமல் விடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இந்தப் பெயர் இங்கே எப்படி வந்தது என்று நமக்கே தெரிவதில்லை.

ஏன் என்று ஒரு வரி

நாலு இடத்தில் இருப்பதை முதலில் ஓர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகமே போதும். செல்பேசிச் செயலி பிடிக்கும் என்றால் அதுவும் சரிதான். எதில் எழுதினாலும் ஒவ்வொரு பதிவிலும் நூலின் பெயரோடு இன்னும் சில விவரங்கள் இருக்க வேண்டும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

நீலகண்டப் பறவையைத் தேடி. அதீன் பந்த்யோபாத்யாய. வங்காளத்திலிருந்து தமிழில் சு. கிருஷ்ணமூர்த்தி. நேஷனல் புக் டிரஸ்ட். ஏன்: பிரிவினைக்கு முந்திய கிழக்கு வங்கக் கிராமம். ‘அக்னி நதி’ படித்த கையோடு இதையும் படி என்று சித்தப்பா சொன்னார். எங்கே: மைய நூலகத்தில் இருக்கிறது.

எழுத இரண்டு நிமிடம் ஆகும். ஆனால் இந்தப் பதிவு தானாகவே பல வேலைகளைச் செய்துவிடும். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருப்பதால், கடையில் வேறொரு சுருக்கப் பதிப்பைத் தவறுதலாக வாங்க மாட்டீர்கள். ‘அக்னி நதி’யை இன்னும் தொடவில்லை என்றால் இதற்கு இப்போது அவசரமில்லை என்பது தெரிந்துவிடும். நூலகத்தில் இருப்பதால் பணத்துக்கும் அவசரமில்லை. சித்தப்பாவின் ரசனை மேல் உங்களுக்கு நம்பிக்கை போய்விட்ட நாளில், அவர் சொன்ன அத்தனையையும் ஒரே மூச்சில் மறுபரிசீலனை செய்யலாம்.

‘ஏன்’ என்ற இடத்தில் ‘நல்ல நாவல்’ என்று எழுதாதீர்கள். நல்ல நாவல் என்று யாரோ சொல்லாத நாவலே கிடையாது. உங்களை இழுத்தது எது என்று எழுதுங்கள்: இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானும் பினாங்கும், தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு சென்னைத் தெரு, 1948இன் செகந்திராபாத். அப்படி எழுதிப் பழகினால், ‘புயலிலே ஒரு தோணி’யும் ‘தண்ணீ’ரும் ‘18வது அட்சக்கோடு’ம் வெறும் மூன்று பெயர்களாக இல்லாமல் மூன்று ஆசைகளாக நிற்கும். எந்த ஆசை இன்றைக்கு உயிரோடு இருக்கிறதோ அதை எடுத்துப் படிக்க வேண்டியதுதான்.

இந்த ‘ஏன்’ எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தமிழில் உ.வே.சாமிநாதையரை விடப் பெரிய சாட்சி இல்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த அவர், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று தாம் பாடம் கேட்ட நூல்களையெல்லாம் அடுக்கினார். நீளமான பட்டியல்தான். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு சாமிநாதையரின் படிப்புத் திட்டமே மாறிப்போனது. சிந்தாமணி 1887இல் அவருடைய பதிப்பாக அச்சில் வந்தது. அதன் பின்னால் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் வந்தன. ‘என் சரித்திர’த்தில் இந்தச் சந்திப்பை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நூல் உங்கள் பட்டியலில் இன்னும் இல்லை என்றால் இப்போதே எழுதிக்கொள்ளலாம், காரணத்தோடு.

யார் சொன்னார்கள்?

பரிந்துரைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. க.நா.சுப்ரமண்யம் தம் காலத்தில் சிறந்த நாவல், சிறந்த சிறுகதை என்று பட்டியல் போட்டே பலரிடம் வசை வாங்கினார். விமரிசனம் எழுதச் சொன்னால் பட்டியல் தருகிறார் என்ற கிண்டலும் உண்டு. ஆனால் பரவலாகக் கவனிக்கப்படாத பல எழுத்தாளர்கள் அடுத்த தலைமுறை வாசகருக்குப் போய்ச் சேர அந்தப் பட்டியல்களும் ஒரு வழியாக இருந்தன. அவருக்குப் பின் ஜெயமோகன் நாவல்களுக்குப் பட்டியல் தந்தார். எஸ். ராமகிருஷ்ணன் நூறு சிறுகதைகளைத் தேர்ந்து தந்தார். தொடக்க வாசகர் இதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பட்டியலையும் அப்படியே நோட்டில் இறக்கிவைக்கக் கூடாது. நூறு பெயர்களை ஒரே இரவில் எழுதிக்கொண்டால் அவற்றில் ஒன்றுக்குக்கூட உங்கள் காரணம் இருக்காது. ஐந்தைப் படித்துப் பாருங்கள். அவற்றில் குறைந்தது மூன்று உங்களுக்கு ஒத்துவந்தால் அந்த விமரிசகரை நம்பி மேலே போகலாம்.

விருதை மட்டும் காரணமாக வைத்து எழுதுவது எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல்களின் வரிசையைப் பாருங்கள். தி. ஜானகிராமனுக்கு 1979இல் விருது கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுப்புக்கு; ‘மோகமுள்’ளுக்கோ ‘அம்மா வந்தா’ளுக்கோ இல்லை. அசோகமித்திரனுக்கு 1996இல் கிடைத்தது ‘அப்பாவின் சிநேகித’ருக்கு. சுந்தர ராமசாமிக்கும் ப. சிங்காரத்துக்கும் கிடைக்கவே இல்லை. விருது ஆசிரியரை அடையாளம் காட்டும், அது வரைக்கும் நல்லது. எந்த நூலில் தொடங்குவது என்பதை ஒரு நல்ல வாசகரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வகை ஆலோசகர் இருக்கிறார். ‘அடடா, இதைக்கூடப் படிக்கலையா நீங்க?’ என்று ஆரம்பிப்பவர். அவர் சொல்வதை எழுத வேண்டியதில்லை.

பக்கக் கணக்கு

ஆண்டுத் தொடக்கத்தில் ‘இந்த வருஷம் ஐம்பது புத்தகம்’ என்று சபதம் எடுப்பவர்கள் அக்டோபரில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் ஒன்று தெரியும். நூறு பக்கப் புத்தகங்களாகத் தேடுவார்கள். எண்ணிக்கையை இலக்காக வைத்தால் கனமான நூல் ஒவ்வொன்றும் எதிரியாகிவிடும். பூமணியின் ‘அஞ்ஞாடி’யும் ஒரு புத்தகம், ‘குறத்தி முடுக்’கும் ஒரு புத்தகம் என்று எண்ணுகிற கணக்கில் பூமணிக்கு இடமே இருக்காது.

அதனால் பக்கங்களை எண்ணுங்கள். வேலைக்குப் போய்வருகிற ஒருவரால் ஒரு நாளைக்கு இருபது பக்கம் படிக்க முடியும். அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். 365 நாளுக்கு 7,300 பக்கம் வரும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை, அலுவலகத்தில் மார்ச் மாதம் எல்லாம் உண்டு. அறுபத்தைந்து நாளைக் கழித்துவிட்டு முந்நூறு நாள் என்று வைத்தால் 6,000 பக்கம். இதுதான் உங்கள் ஓராண்டுக் கையிருப்பு.

இப்போது செலவு செய்து பாருங்கள். ‘அஞ்ஞாடி’யும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்ட’மும் ஆளுக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல். இரண்டையும் சேர்த்து 2,100 என்று வைத்தால் மிச்சம் 3,900. முந்நூறு பக்க நூல்கள் என்றால் பதிமூன்று. ஆக ஓர் ஆண்டில் இரண்டு பெரிய நாவல், பதிமூன்று நடுத்தர நூல். பட்டியலில் இருநூறு பெயர்கள் இருக்கலாம். இந்த ஆண்டின் திட்டத்தில் பதினைந்துக்கு மேல் இருக்க முடியாது. கணக்கு தெரிந்தபின் தேர்வு கறாராகிவிடும், அது நல்லதுதான்.

மிகப் பெரிய நூல்களுக்கு வேறு வழி வேண்டும். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல்கள், இருபத்தைந்தாயிரம் பக்கங்களுக்கு மேல். மேற்படி கணக்கில் வேறெதையும் தொடாமலே நாலு ஆண்டுக்கு மேல் ஆகும். அதை ஒரே பதிவாக எழுதி மலைத்து நிற்பதில் பயனில்லை. ‘முதற்கனல்’ என்று மட்டும் எழுதுங்கள். முடித்தபின் அடுத்ததை எழுதலாம். 2014 முதல் 2020 வரை அது இணையத்தில் நாளொரு அத்தியாயமாக வந்த நூல். இன்றும் அதே வேகத்தில், காலையில் ஓர் அத்தியாயம் என்று படிக்கலாம். ‘பொன்னியின் செல்வன்’கூட 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் ‘கல்கி’யில் காத்திருந்து படிக்கப்பட்ட தொடர்தான். ஐந்து பாகத்தையும் பத்து நாளில் முடித்தேன் என்பவரைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

பெரிய நாவல் ஒன்று கையில் இருக்கும்போது கூடவே ஒரு மெல்லிய நூலும் இருக்கட்டும். சிறுகதைத் தொகுப்போ கட்டுரையோ, பேருந்தில் எடுத்துப் போகிற மாதிரி. ஆயிரம் பக்க நூலைப் பையில் சுமந்துகொண்டு மின்சார ரயிலில் ஏறுவது சில நாள் நடக்கும், பிறகு நின்றுவிடும்.

சங்கிலியாகப் படிப்பது

பட்டியலைத் திட்டமாக மாற்ற நான் சொல்லக்கூடிய சிறந்த வழி இதுதான். பதினைந்து நூல்களில் ஐந்தையாவது ஒன்றோடொன்று தொடர்புடையவையாக எடுங்கள். ஒரே ஆசிரியர், ஒரே காலம், ஒரே ஊர் என எந்தக் கண்ணியாகவும் இருக்கலாம். ஊரைக் கண்ணியாக வைப்பது தமிழில் அபாரமாக வேலை செய்யும். நம் நாவல்கள் அவ்வளவு மண் சார்ந்தவை.

கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நிலம். முதலில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). சின்ன நாவல், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பனையேறிகளையும் ஒரு பழைய கிறிஸ்தவக் குடும்பத்தையும் லிசி என்ற பெண்ணையும் சுற்றி வரும் கதை. அடுத்து சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966). அதே மாவட்டம்தான், ஆனால் பனங்காட்டை விட்டு நகரத்துச் சந்திக்கு வந்துவிடுகிறோம். கடைக்காரர்கள், நகராட்சி அரசியல், நடுவில் ஒரு மரம். அதன்பின் நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968). இரணியல் செட்டியார் குடும்பம், பாட்டி உண்ணாமலை ஆச்சி, வீட்டுக்குள்ளே பேசுகிற பேச்சு. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) படித்த ஏழைப் பையன் சிவதாணுவை வசதியான வீட்டு மாப்பிள்ளையாக்கி, அந்த வசதி அவனை என்ன செய்கிறது என்று காட்டும். கடைசியாக தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988). தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை, முதலாளி குடும்பம், பள்ளிக்கூடம் வருவதற்குக் கிளம்பும் எதிர்ப்பு.

ஐந்தும் ஒரு சின்ன மாவட்டத்துக்குள் நடப்பவை. ஐந்தையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது தனித்தனியாகப் படித்தால் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. முதல் நாவலில் வட்டார வழக்கு தடுக்கும். மலையாளம் கலந்த சொற்கள் புரியாமல் முப்பது பக்கம் தட்டுத் தடுமாறுவோம். மூன்றாவது நாவலுக்கு வரும்போது அந்தப் பேச்சு காதில் விழத் தொடங்கிவிடும். ‘தலைமுறைகள்’ கடினம் என்று பாதியில் வைத்தவர்கள் பலர். நேரே அதில் இறங்கினால் அப்படித்தான் இருக்கும். வரிசையை மாற்றினால் போதும். இன்னொன்று: ஒரே நிலத்தைப் பனையேறியின் பக்கமிருந்தும் வெள்ளாளர் வீட்டிலிருந்தும் கடற்கரைப் பள்ளிவாசல் பக்கமிருந்தும் பார்க்கும்போது, ஒரு நாவலில் ஓரமாக வந்துபோன ஆள் அடுத்ததில் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பார்.

கரிசலுக்கும் இப்படி ஒரு சங்கிலி கட்டலாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தில் தொடங்கி, பூமணியின் ‘பிறகு’, சோ. தர்மனின் ‘சூல்’ வழியாக ‘அஞ்ஞாடி’க்குப் போய்ச் சேரலாம். பக்கத்தில் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இருந்தால் இன்னும் வசதி. ஆயிரம் பக்க நாவலைத் தனியாக எதிர்கொள்வதற்கும் இப்படி மூன்று நூல்கள் கைபிடித்துக் கூட்டிப்போக எதிர்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மொழிபெயர்ப்பில் ஊரை விட மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்வது லாபம். க.நா.சு. மொழிபெயர்த்த ‘நிலவளம்’, ‘மதகுரு’, ‘அன்பு வழி’ மூன்றும் வடக்கு ஐரோப்பிய நாவல்கள். கனுட் ஹாம்சன், செல்மா லாகர்லெவ், பேர் லாகர்குவிஸ்ட் என்று மூன்று நோபல் எழுத்தாளர்கள் ஒரே தமிழ் நடையில் வந்து சேர்கிறார்கள். சுந்தர ராமசாமியைப் பிடித்துக்கொண்டு போனால் தகழியின் ‘செம்மீ’னும் ‘தோட்டியின் மக’னும் கிடைக்கும்.

எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்துகிறது, இப்போது பொங்கலை ஒட்டி, நந்தனம் மைதானத்தில். பதிப்பாளர்கள் புதிய நூல்களைப் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வெளியிடுகிறார்கள். அதனால் டிசம்பரில் பட்டியல் வீங்கும். ஒவ்வொரு அரங்கிலும் பத்து சதவீதக் கழிவு என்ற பலகை தொங்கும். கையில் பணமும் இருக்கும். பட்டியலோடு போகாதவர்கள் பை நிறைய வாங்கிக்கொண்டு, வீட்டில் ‘இதை எங்க வைக்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பார்கள். பட்டியலோடு போகிறவர்கள்கூட அதில் உள்ளதையெல்லாம் வாங்க முயல்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.

வாங்குவதற்கான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது அடுத்த வருஷமும் கிடைக்குமா?

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாயின. அன்றிலிருந்து ‘பொன்னியின் செல்வ’னைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. மலிவுப் பதிப்பும் உண்டு, படம் போட்ட கெட்டி அட்டையும் உண்டு. பாரதி, புதுமைப்பித்தன் விஷயமும் அதுதான். இவை எங்கும் போய்விடாது. இன்று வாங்காவிட்டால் நாளை வாங்கலாம். ஆனால் சிறு பதிப்பகங்களின் மொழிபெயர்ப்புகள், கட்டுரைத் தொகுப்புகள், ஆய்வு நூல்கள், நீண்ட நாள் கழித்து மறுஅச்சான பழைய நாவல்கள் அப்படியல்ல. சில நூறு பிரதிகள்தான் அடிக்கிறார்கள். தீர்ந்துவிட்டால் மறுபதிப்பு எப்போது வரும் என்று பதிப்பாளருக்கே தெரியாது. அரங்கில் நிற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: ‘அண்ணே, இது திரும்ப அச்சுக்கு வருமா?’ ‘சொல்ல முடியாது சார், இருக்கறது இந்த ஆறு காப்பிதான்’ என்றால், அதை எடுத்துக்கொண்டு கையிலிருக்கும் ‘சிவகாமியின் சபத’த்தைத் திரும்ப வைத்துவிடலாம்.

நாட்டுடைமையான நூல்களை வாங்கும்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த பதிப்பு எல்லாம் ஒரே தரமில்லை. எழுத்துப்பிழை மலிந்தவையும் உண்டு, பத்தி விட்டுப்போனவையும் உண்டு. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி செய்த செம்பதிப்பு போல, மூலத்தோடு ஒப்பிட்டு, கதை எப்போது எங்கே வெளியானது என்ற குறிப்போடு வந்த பதிப்பு இருந்தால், கூடுதல் பணம் கொடுத்து அதையே வாங்குங்கள். அதனால்தான் பட்டியலில் பதிப்பகத்தின் பெயரையும் எழுதச் சொன்னேன்.

ஜனவரியில் எல்லோரும் பேசுகிற புதிய நூலை ஏப்ரல் வரை தள்ளிப்போடுவது நல்ல பழக்கம். வெளியீட்டு விழாப் பேச்சுகளும் நண்பர்களின் பாராட்டும் அடங்கியபின், யாராவது ஒருவர் நிதானமாக எழுதிய மதிப்புரை வந்திருக்கும். அப்போதும் ஆசை இருந்தால் வாங்கலாம். அதற்கும் சென்னைக்கே வர வேண்டியதில்லை. ஈரோட்டிலும் மதுரையிலும் நெய்வேலியிலும் மற்ற மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழாக்கள் ஆண்டு முழுக்க நடக்கின்றன.

நூலகம் என்ற பெரிய அலமாரி

வாங்குவதற்கு முன் நூலகத்தில் முப்பது பக்கம் படித்துப் பார்ப்பவர் ஏமாற மாட்டார். ஆனாலும் தீவிர வாசகர்களில் பலர் கிளை நூலகத்தை மறந்தே போனார்கள். செய்தித்தாள் படிக்கிற இடம் என்று நினைக்கிறார்கள். அங்கே அரசு வாங்கிப் போட்ட நாவல்கள் நூல்கட்டு பிரியாமல் இருப்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தில் முதலாவது நூல்கள் பயன்படுவதற்கே என்பது. நாலாவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அவருடைய முயற்சியால்தான் 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் உங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். கட்டிய பணத்துக்குப் படிக்க வேண்டாமா?

உட்கார்ந்து படிக்கவும் அரிய நூலைத் தேடவும் பெரிய நூலகங்கள் இருக்கின்றன. எழும்பூர் கன்னிமாரா 1896இல் திறந்தது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்கள் பயன்படுத்தலாம். மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. பழைய அச்சுகளுக்கும் இதழ்களுக்கும் தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதவர்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் தளம் மூன்றும் இலவசம். உங்கள் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றில் தேடுங்கள். அச்சில் இல்லை என்று பல காலமாக நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒன்று அங்கே கிடைக்கக்கூடும். கிடைத்தால் ‘எங்கே’ என்ற இடத்தில் குறித்துவிடுங்கள்.

அடிக்கத் தெரிய வேண்டும்

ஆண்டுக்கு இரண்டு முறை, தைக்கு ஒன்று ஆடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலை முதலிலிருந்து படியுங்கள். ‘ஏன்’ என்ற வரியைப் படித்தும் மனசு அசையவில்லை என்றால் அடித்துவிடலாம். அந்த ஆசை முடிந்துபோனது, அவ்வளவுதான். இருபத்தைந்து வயதில் எழுதிவைத்த இருத்தலியல் நூல்கள் நாற்பதில் தேவைப்படாமல் போகலாம். பையனின் பள்ளிச் செலவு ஏறிய வருஷத்தில் வாங்குவதற்கென்று எழுதியவை நூலகப் பக்கத்துக்கு மாறலாம். அடித்த பெயர்களை அழிக்க வேண்டாம், ஒரு கோடு போதும். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது உங்கள் ரசனை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்கு அதுவே ஆவணம்.

படிக்கத் தொடங்கி நிறுத்துவதற்கும் ஒரு வரம்பு வேண்டும். ஐம்பது பக்கம் என்பது என் வரம்பு. பெரிய நாவலுக்கு நூறு. அதற்கு மேலும் இழுக்கவில்லை என்றால் மூடிவைத்து, பக்க எண்ணோடு குறித்துவிடுங்கள். ‘விஷ்ணுபுர’த்தையும் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளையும் முதல்முறை பாதியில் வைத்து, சில வருஷம் கழித்து ஒரே மூச்சில் படித்தவர்கள் நிறையப் பேர். நிறுத்துவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பிடிக்காத நூலைக் கடனே என்று நாலு மாதம் தலைமாட்டில் வைத்திருப்பதுதான் படிக்கிற பழக்கத்தையே கெடுக்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை இரவலுக்கு ஒதுக்குங்கள். யாரிடமிருந்து எந்த நூல், எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும். நீங்கள் கொடுத்தவையும் அதே பக்கத்தில் இருக்கட்டும். கொடுத்தவற்றில் சில திரும்பி வராது, அவற்றை இரண்டு வருஷம் கழித்துப் பழையபடி பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கியவற்றைத் தந்தவர் கேட்பதற்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடிக்கோடு போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.